கறவை மிஷினும் காற்றில்லாத பையும்

துணியிலிருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டால் மூட்டை சிறுத்துப்போகும் என்பது மூட்டை கட்டிய எவனுக்கும் தெரியும். மேலே ஏறி உட்கார்ந்து கயிற்றை இறுக்குவான், வேலை முடிந்தது. அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் பை, பைக்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பம்ப் என்று செய்து, படம் பிடித்துக் காட்டி, ஆறு பைகளை ஒரு கட்டாக விற்கிறவனை என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வாங்குகிறவளைச் சொல்லலாம். அவள் என் மகள். சொல்லியும் பார்த்தேன்.

அவளுக்குத் திருப்பதியில் நான்கு வருஷப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். எங்கள் ஊர் சித்தூரிலிருந்து பாலசமுத்திரம் போகிற வழியில் இருக்கிறது. கொஞ்சம் நிலம், ஆறு கறவை மாடு. நிலத்தை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார், மாடுகளை நான். எங்கள் ஊருக்குள் பார்சல்காரன் வருவதில்லை. அந்த ஆறு பைகளுக்காக அவர் இரண்டு முறை சித்தூருக்கு வண்டியில் போய்வந்தார். முதல் முறை ஆபீஸ் பூட்டியிருந்ததாம். மகள் கேட்டால் மூன்றாவது முறையும் போயிருப்பார். நான் ஒரு மூட்டை தவிடு கேட்டால் மட்டும் இடுப்பு வலி வந்துவிடும்.

பிரித்துப் பார்த்தால் உள்ளே குழந்தைகள் விளையாடுகிற மாதிரி ஒரு பம்ப். கம்பளியையும் போர்வையையும் பைக்குள் திணித்து, மூடியில் அதை வைத்து, என் மகள் உட்கார்ந்து அடித்தாள். இருபது அடி அடித்திருப்பாள். கைப்பிடி தனியே கையோடு வந்துவிட்டது. பை கொஞ்சம்கூட இளைக்கவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“கோணியில போட்டு நாலு தையலு போட்டா இன்னா கொறஞ்சிடும்? உங்க நைனா தோள்மேல வெச்சிகினு வந்து எறக்குவாரு” என்றேன்.

“எடத்துக்கோசரம் வாங்கலம்மா” என்றாள்.

“பின்ன எதுக்கு?”

உடைந்த கைப்பிடியைப் பொருத்திப் பொருத்திப் பார்த்தாள். நான் விடவில்லை. வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்காமல் எனக்குத் தூக்கம் வராது. கடைசியில் சொன்னாள்: “காத்து உள்ள போவாதில்ல. நம்ம வீட்டு வாசன துணிமேல ஏறாது.”

இது பழைய கதை. சித்தூரில் இன்டர், அதாவது பிளஸ் டூ, படித்தபோது விடியற்காலையில் என்னோடு மாட்டுக்கொட்டகையில் நின்றுவிட்டு, குளித்து, ஏழு மணி பஸ் பிடித்துப் போவாள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாளாம். போகும்போது தோழியிடம் தெலுங்கில் ‘பேட வாசன’ என்றாளாம். சாணி நாற்றம் என்று அர்த்தம். என் மகள் வீட்டுக்கு வந்து அழுதாள். நான் அவளைத் திட்டினேன். “அவ துன்ற தயிரு எங்கேர்ந்து வருதாம்? ஆகாசத்துலேர்ந்தா? நம்ம மேல ஒரு நாத்தமும் இல்ல. அவளுக்கு மூக்கு நீளம், உனக்குக் காது நீளம்” என்றேன். மறுநாளிலிருந்து அவள் கொட்டகைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். துணியைக் கொட்டகைப் பக்கத்துக் கம்பியில் காயப்போடாமல் மாடிக்குக் கொண்டுபோனாள். சோப்பை இரண்டு மடங்காகச் செலவழித்தாள். நான் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல மாட்டேன். தினமும் ஏதாவது சொன்னேன்.

இப்போது திருப்பதிக்குப் போகிற துணிகளையெல்லாம் பூ வாசனைத் திரவத்தில் ஊறவைத்துத் துவைத்து, மாடியில் உலர்த்தி, வெயில் சூடு ஆறுவதற்குள் பையில் போட்டு மூடியிருக்கிறாள். இரண்டு போர்வை, ஒரு கம்பளி, நல்ல உடுப்பு நாலு செட்டு, விசேஷத்துக்கென்று எடுத்த பாவாடை தாவணி. திருப்பதியில் அவள் யார், எந்த வீட்டிலிருந்து வந்தாள் என்று எவளுக்கும் முகர்ந்து பார்த்துத் தெரியக்கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

“நம்ம வீட்டுக் காத்துகூட ஒனக்கு ஆவல. அத்த உறிஞ்சி வெளிய தொரத்தணும்” என்றேன். அவள் அழுதிருந்தால் எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். அழவில்லை.

பை விற்கிறவனின் வீடியோக்களில் வீடு கூட்டுகிற மிஷினை வைத்துக் காற்றை உறிஞ்சிக் காட்டுகிறார்கள். எங்கள் ஊரில் வீடு கூட்ட மிஷின் வைத்திருப்பவர் யாருமில்லை, எல்லோருக்கும் இரண்டு கை இருக்கிறது. சித்தூரில் நாங்கள் பால் ஊற்றுகிற ஒரு வீட்டில் இருக்கிறதென்று என் வீட்டுக்காரருக்கு ஞாபகம் வந்தது. அந்த அம்மாள் அதற்குப் பூப்போட்ட உறை தைத்து மாட்டி, கூடத்து மூலையில் விருந்தாளியைப் போல உட்காரவைத்திருக்கிறாராம். அப்பாவும் மகளும் பைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அரை நாள் கழித்து, போன மாதிரியே உப்பிய பைகளோடு திரும்பினார்கள்.

“மிஷினு ரிப்பேராம்” என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

“ரிப்பேரும் இல்ல ஒண்ணியும் இல்ல” என்றாள் மகள். “மாட்டு வீட்டுத் துணி, எங்க மிஷின்ல வாசன புடிச்சிக்கும்னாங்க.”

எனக்கு உச்சந்தலை கொதித்தது. எட்டு வருஷமாக என் மாட்டுப் பாலைக் குடித்து ஊறிய உடம்பு அது. பாலில் தண்ணீர் என்று ஒரு நாள் சொன்னதில்லை, பாலில் வாசனை என்றும் சொன்னதில்லை. மிஷினுக்குத்தான் மூக்கு இருக்கிறது போலிருக்கிறது. மறுநாளிலிருந்து அந்த வீட்டுக்குப் பால் கிடையாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன். பிறகு மகளின் கையிலிருந்து பையைப் பிடுங்கினேன்.

“எத்தினி உறிஞ்சணும்? இந்தா, கொட்டாய்க்கு எடுத்தா. என்கிட்ட இல்லாத மிஷினா?”

கறவை மிஷின் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு மோட்டார் காற்றை உறிஞ்சும். அதன் குழாய் பால் கேனின் மூடிக்கு வரும். மூடியிலிருந்து இன்னொரு ரப்பர் குழாய் நாலு கப்புகளுக்குப் போகும். கப்பை மடியில் மாட்டினால் பால் கேனில் வந்து விழும். கப்புகளைக் கழற்றிவிட்டுக் குழாயின் வாயைப் பையின் வாயில் வைத்து அழுத்தினால் பாலுக்குப் பதில் காற்று வரப்போகிறது. அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியது.

கொட்டகைக்குள் பையைக் கொண்டுவர மகளுக்கு மனசே இல்லை. வாசலுக்கு வெளியே பாயை விரித்து அதன்மேல் வைத்தாள். குழாயை நீட்டி நான் வெளியே வந்தேன். அவர் மோட்டாரைப் போட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. உள்ளே இருந்த போர்வை முனகிக்கொண்டு சுருங்கியது. தலையணை உயரம் இருந்த பை பலகை மாதிரி விறைத்துப்போனது. எதிர்வீட்டு அக்காள் வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். என் மகள் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு என் பக்கத்தில் நின்று, என்னால் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மாட்டிடம் எப்போதும் உறிஞ்சலை நிறுத்திவிட்டுத்தான் கப்பைக் கழற்றுவோம். உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே இழுத்தால் காம்பு புண்ணாகும், மாடு உதைக்கும். இருவேளையும் ஏழு வருஷமாக அப்படியே செய்த கை இது. பைக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். மோட்டார் ஓடும்போதே மூடியை அடைத்துவிட்டுப் பிறகு நிறுத்த வேண்டும். என் கை அதை யோசிக்கவில்லை. கம்பளியும் இன்னொரு போர்வையும் தாவணியும் இருந்த நாலாவது பை முடிந்ததும் “நிறுத்து” என்று கத்திவிட்டு, பழக்கத்தில் கேன் மூடியையும் தளர்த்திவிட்டேன். குழாயின் மறுமுனை இன்னும் பையின் வாயில்தான் இருந்தது. காற்று இல்லாத பை, கிடைத்ததையெல்லாம் இழுத்தது. காலையில் மிஷின் கழுவிய தண்ணீர் குழாயின் வளைவில் தங்கியிருந்தது. பால் கலந்த அந்தத் தண்ணீர் அரை டம்ளர் இருக்கும். மடக்கென்று உள்ளே போய்விட்டது.

நான் பார்த்தேன். பிளாஸ்டிக்குக்கு அடியில் வெள்ளையாக ஒரு கோடு ஓடி, தாவணியின் மடிப்பில் போய் நின்றது. வேறு யாரும் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அக்காள் ஊரைக் கூப்பிடப் போயிருந்தாள். மகள் ஐந்தாவது பையை எடுக்கக் குனிந்திருந்தாள். அவர், “உங்கம்மா இன்ஜினீருக்குப் படிச்சிருக்கணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையைத் திறந்து, எல்லாவற்றையும் மறுபடி துவைத்து, உலர்த்தி அடுக்க ஒரு நாள் போதும். வண்டி வருவதற்கு இரண்டு நாள் இருந்தது. “ஐயோ, தப்பு பண்ணிட்டேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் என் வாயில் வராது. அரை டம்ளர் தண்ணீர், தானாகக் காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்றே இல்லாத இடத்தில் எப்படிக் காயும் என்று கேட்க, நான் மிஷின் கண்டுபிடித்த மகாராணி, எனக்கு நேரமில்லை. மறுபடி உறிஞ்சி, இந்த முறை சரியாக மூடினேன்.

அவளைக் கொண்டுபோய்விட அவர் போனார். நான் போனால் மாட்டை யார் கறப்பது? வண்டி கிளம்பும்போது, “தெனமும் துன்னு, இளைச்சி வராதே” என்றேன். நான் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

மூன்று வாரம் கழித்து மத்தியானம் போன் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விழா, அதற்குத் தாவணி எடுக்கப் பையைத் திறந்திருக்கிறாள்.

“பையி மட்டம்மா. எங்கியோ ஓட்ட இருந்துகீது. ஈரம் பூந்து எல்லாம் பூஞ்சக்காளான். தாவணி, போர்வ, எல்லாம் நாறுது. ரூம்ல இருக்கறவங்க ரெண்டு பேரும் நேத்து பக்கத்து ரூம்ல போயி படுத்துகினாங்க.”

“தோய்ச்சியா?”

“பக்கெட்ல முக்கி முக்கிப் பாத்தேன். போவல. கம்பெனிக்கு ஃபோட்டோ எடுத்துப் போட்டுகிறேன். நல்லா திட்டி எழுதிகிறேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அப்பவே சொன்னேன், கோணில கட்டுன்னு.” சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். பக்கத்திலிருந்த அவர், “நீ கட்டினதுல தப்பு இருக்காது, அவன் பைதான் மட்டம்” என்றார். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியும் மனுஷனுக்கு என்னைத் தெரியவில்லை. அந்தக் கம்பெனிக்காரனை நான் எவ்வளவோ கேவலமாக நினைத்ததுண்டு. அன்றைக்கு அவனைவிடக் கேவலமாக ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள்.

மறுநாள் காலைக் கறவையை முடித்துவிட்டு, மாலைக் கறவையை அவர் தலையில் கட்டினேன். இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தேன். பெட்டியிலிருந்த புடவையை உடுத்தி, பவுடர் பூசி, பூ வைத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன். பையில் புதிய போர்வை ஒன்றும் துணி சோப்புக் கட்டி நாலும் இருந்தன. சாமி கும்பிடப் போகிறேனா என்று பக்கத்தில் உட்கார்ந்தவள் கேட்டாள். துணி துவைக்கப் போகிறேன் என்றேன்.

மூன்றாவது மாடியில் அறை. மூன்று இரும்புக் கட்டில், சுவரில் மூன்று தட்டு. கூட இருந்த இரண்டு பெண்களும் நல்ல பிள்ளைகள்தான். அவர்களைத் திட்ட ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை. எழுந்து நின்று, “கூர்ச்சோண்டி ஆன்ட்டி” என்று நாற்காலி போட்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள். இன்னொருத்தி போய் ஜன்னல் கதவை இரண்டு பக்கமும் நன்றாகத் திறந்துவிட்டு, மின்விசிறியை வேகமாக வைத்தாள். வேர்த்து வந்திருக்கிறேனே என்று செய்கிறாள், யாரோ நன்றாக வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துத் திறந்தாள். அந்தப் பெண்கள் இருவரும் துப்பட்டாவை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போனது. என் மகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் போர்வையைக் கையில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன்.

ஒன்றுமில்லை. கொஞ்சம் ஈரம், கொஞ்சம் சோப்பு. மறுபடி முகத்தை அழுத்தி மூச்சை இழுத்தேன். எங்கள் வீட்டில் எந்தத் துணியை எடுத்தாலும் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. கறுப்புப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரிந்தன. மூன்று பேரும் முகம் சுளித்து நிற்பது தெரிந்தது. என் மூக்குக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

‘நம்ம மேல ஒரு நாத்தமும் இல்ல’ என்று அவளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். பொய் சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரியாமலேயே அவளைத் திட்டினேன், கேலி செய்தேன். மூக்கு நீளம், காது நீளம் என்றேன். அவள் சொன்னதை ஒரு நாள்கூட நம்பவில்லை. ஜன்னலை எதற்குத் திறந்தார்கள் என்பதும் அப்போது புரிந்தது. நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு அப்படி வெட்கமாக இருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

“ஏம் வாசன ஆன்ட்டி இதி?” என்றாள் ஒருத்தி. இது என்ன வாசனை என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

மகள் என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லும் பெண் என்று ஊரில் எனக்குப் பெயர். எங்கள் வீட்டில் ஆறு மாடு, இது பால் மிஷின் கழுவிய தண்ணீர், ஊற்றியது நான் என்று மூன்றே வார்த்தையில் சொல்லி முடித்திருப்பேன். சொன்னால் என் மனப்பாரம் இறங்கும். இவள் நாலு வருஷம் இந்த அறையில் இருக்க வேண்டும்.

“பிளாஸ்டிக்கு நாத்தம்மா” என்றேன் தெலுங்கில். “மட்டமான பையி. ஏமாத்திட்டானுங்க.”

துணிகளை வாரிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனோம். அங்கே ஒரு குழாயும் துவைக்கிற கல்லும் இருந்தன. வேறு யாருமில்லை. நான் போர்வையை நனைத்துச் சோப்புப் போட்டேன். அவள் கம்பளியைக் காலால் மிதித்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வந்தவள் நான். தலையைத் தூக்காமல் சொன்னேன்.

“பையி மேல தப்பில்ல. மாட்டுக்கு எடுக்கறாப்புல எடுத்துட்டேன். கழுவுன தண்ணி உள்ள பூந்துடுச்சு. பாத்தேன். பாத்துட்டு சொல்லாம வுட்டுட்டேன்.”

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. “தெரியும்மா” என்றாள்.

“எப்போலேர்ந்து?”

“தொறந்தப்பவே. இந்த வாசன இன்னான்னு எனக்குத் தெரியாதா?”

“பின்ன எதுக்கு கம்பெனிக்காரன திட்டிகினு இருந்தே?”

“ரூம்ல வேற இன்னா சொல்லச் சொல்றே?”

போர்வையை அலசிப் பிழிந்து அவளிடம் நீட்டினேன். “போச்சா?” என்றேன்.

முகர்ந்து பார்த்தாள். “இன்னும் கீது.”

மறுபடி துவைத்தேன். கல்லில் அடித்தேன். எதிரே மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பார்க்க நேரமில்லை. “இப்போ?”

“லேசா.”

இரண்டாவது சோப்புக் கட்டி தீர்ந்தது. தாவணியின் சாயம் வெளுத்துவிட்டது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. என் மூக்கால் ஒரு பிரயோஜனமும் இல்லாததால் ஒவ்வொரு தடவையும் அவளைக் கேட்க வேண்டியிருந்தது. பதினெட்டு வருஷமாக அவள் சொல்லி நான் கேட்டது ஒன்றுமில்லை. அன்று மத்தியானம் முழுக்க அவள் சொன்னதை மட்டுமே கேட்டேன். கை தோல் உரிந்து எரிந்தது. அவள் ஒருமுறை என் கையையும், ஒருமுறை போனில் நேரத்தையும் பார்த்தாள். சித்தூர் பஸ்ஸுக்கு நான் கிளம்ப வேண்டும்.

நாலாவது தடவை பிழிந்து கொடுத்தேன். போர்வையை இரண்டு கையாலும் வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

“போச்சும்மா” என்றாள்.

வாங்கி நானும் முகர்ந்து பார்த்தேன். காலையில் எப்படி இருந்ததோ, எனக்கு அப்படியேதான் இருந்தது.